நெதர்லாந்தில் ஜோடியாக ஊர்சுற்ற: கேள்வி பதில்

நான் குடியிருப்பது டென் ஹாக்கில், அதாவது ஹேக் நகரத்தில். ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களை ரயிலேற்றி இறக்கியே இந்த நாட்டின் பாதி ஸ்டேஷன்கள் எனக்கு மனப்பாடம். கணவன் மனைவியாக இருவர் மட்டும் நகரங்களைப் பார்க்க வருவது பற்றி நீங்கள் கேட்டிருந்தவற்றுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): அக்கா, ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் ஒரு வாரம் வருகிறோம். ஆம்ஸ்டர்டாமில் 2 இரவு, உட்ரெக்டில் 1, ராட்டர்டாமில் 2, ஹேக்கில் 1 என்று ரூம் போடலாம் என இருக்கிறேன். சரிவருமா?

வேண்டாம் தம்பி. நாலு ஹோட்டல் என்றால் நாலு தடவை பெட்டி கட்ட வேண்டும். காலை பதினோரு மணிக்கு ரூமைக் காலி செய்தால் அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி கிடைக்கும். நடுவில் உள்ள நேரமெல்லாம் செங்கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்.

இந்த ஊர்களெல்லாம் எவ்வளவு பக்கம் என்பது வரைபடத்தில் பார்த்தால் பிடிபடாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹார்லெம் ரயிலில் கால் மணி நேரம். உட்ரெக்ட் அரை மணிக்கும் குறைவு. லைடனுக்கு முப்பத்தைந்து நிமிடம், ராட்டர்டாமுக்கு வேக ரயிலில் நாற்பது. லைடனிலிருந்து ஹேக் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஒரே ஊரில் பெட்டியை வைத்துவிட்டு தினம் ஒரு நகரம் போய் வருவதுதான் இந்த நாட்டுக்கு ஏற்ற வழி.

என்னைக் கேட்டால் லைடன். ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு, வடக்கிலும் தெற்கிலும் எல்லா ஊரும் கைக்கெட்டும் தூரம். 1590இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. நடந்து போகையில் வீட்டுச் சுவர்களில் பல மொழிக் கவிதைகளைப் பெரிதாக எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம், நூறுக்கு மேல் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் ரூம் வாடகையே அதிகம், அதற்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு. ஆனால் இரவில் கூட்டம் அடங்கிய பிறகு கால்வாய் ஓரம் இருவரும் நடப்பதற்காகக் கடைசி ஒரு இரவு அங்கே தங்குங்கள் என்பேன். அது செலவுக்குத் தகும்.

இன்னொன்று, ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாள். ஆம்ஸ்டர்டாம் முழுக்க ஆரஞ்சு உடையில் தெருவில் இறங்கிவிடும். பிடித்தால் கொண்டாட்டம், பிடிக்காவிட்டால் தலைவலி. எப்படியானாலும் அன்று பெட்டியோடு அங்கே போய் இறங்காதீர்கள்.

துலிப் பார்க்க வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். கோய்கன்ஹாஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை திறந்திருக்கும், டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில் வாங்க வேண்டும், லைடனிலிருந்து பஸ் உண்டு. ஆனால் வெளியே விரிந்து கிடக்கும் வயல்கள் தோட்டம் போல உங்களுக்காகக் காத்திருக்காது. கிழங்கு பெருக்க வேண்டும் என்பதற்காக விவசாயிகள் பூவின் தலையை வெட்டிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் சில வயல்கள் வெறும் பச்சையாக இருந்தால் ஏமாந்துபோக வேண்டாம்.

கேள்வி (கோவை): ரயிலுக்குத் தனியாக கார்டு வாங்க வேண்டுமா? இருவருக்கும் ஒரே கார்டு போதுமா?

தனிக் கார்டு தேவையில்லை. தட்டிச் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் ரயில், டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றிலும் அதையே தட்டலாம். ஏறும்போது ஒருமுறை, இறங்கிய பிறகு ஒருமுறை. இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். சின்ன ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவே இருக்காது, பிளாட்பாரத்தில் கார்டைத் தட்ட ஒரு கம்பம் மட்டும் நிற்கும். பேச்சு சுவாரசியத்தில் தாண்டிப் போய்விடுவது அங்கேதான்.

ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம். ஆகவே ஆளுக்கொன்று. அப்புறம், ஏறும்போது போனைத் தட்டிவிட்டு இறங்கும்போது அட்டையைத் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அது வேறு ஆள். கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் திறந்து வையுங்கள். நம் ஊர்க் கார்டுகள் பல இங்கே வந்து விழிப்பதற்குக் காரணம் அதுதான்.

ஸ்கிபோலுக்கும் ராட்டர்டாமுக்கும் இடையே ஓடும் வேக ரயிலுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் உண்டு. அவசரமில்லையென்றால் சாதாரண ரயிலிலேயே லைடன், ஹேக், டெல்ஃப்ட் வழியாகப் போங்கள்.

கேள்வி (பெங்களூரு): எனக்கு ஓவியம் என்றால் உயிர். என் வீட்டுக்காரருக்கு மியூசியம் வாசலைப் பார்த்தாலே கொட்டாவி. ஒரே ஒரு மியூசியத்துக்குத்தான் வருவாராம். எது அக்கா?

ஹேக்கில் உள்ள மவுரிட்ஸ்ஹவுஸ். யோசிக்கவே வேண்டாம்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள பெரிய தேசிய மியூசியமான ரைக்ஸ்மியூசியம் ஒரு நாளை விழுங்கும். உங்கள் வீட்டுக்காரர் இரண்டாவது மணி நேரத்தில் உட்கார பெஞ்சு தேடுவார். மவுரிட்ஸ்ஹவுஸ் பதினேழாம் நூற்றாண்டில் ஒருவர் குடியிருக்கக் கட்டிய மாளிகை. ஓவியங்களுக்கு இரண்டே மாடி, ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். டாக்டர் டுல்ப் உடற்கூறு பாடம் நடத்துவதாக ரெம்பிராண்ட் வரைந்த படமும், ஃபெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண்ணும் அங்கேதான். அந்தப் பெண்ணின் படம் அரை மீட்டர் உயரம்கூட இல்லை. பக்கத்தில் போய் அந்த முத்தை மட்டும் பாருங்கள். மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே சட்டைக் காலரின் மங்கிய பிரதிபலிப்பு, அவ்வளவுதான். தோட்டைக் காதில் மாட்டக் கொக்கிகூட வரையவில்லை. மீதி முத்தை நம் கண்தான் உருட்டிக்கொள்கிறது.

அங்கே ஃபெர்மீர் வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சியும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 1ஆம் எண் டிராமைப் பிடித்து டெல்ஃப்ட் போய்விடுங்கள். தெற்கே ஹோய்காட என்னும் கரையில் நின்றால் அவர் பார்த்த இடம் அதுதான். படத்தில் வெயில் விழுந்து தெரியும் புதிய தேவாலயக் கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் நுனி பழையது அல்ல, 1872இல் மின்னல் தாக்கிய பிறகு கட்டியது. நாட்டின் தந்தை எனப்படும் ஆரஞ்சு வில்லியமின் கல்லறை அந்தத் தேவாலயத்துக்குள். 1584இல் அவரை டெல்ஃப்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஃபெர்மீர் அடக்கமானது சாய்ந்த கோபுரமுள்ள பழைய தேவாலயத்தில். ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் சுற்றிப் பார்ப்பவர்களை விடமாட்டார்கள்.

வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த அதே 1ஆம் எண் டிராமின் மறுமுனை இருக்கிறது, ஸ்கேவனிங்கன் கடற்கரை. மாலையில் அங்கே விட்டுவிடுங்கள். மவுரிட்ஸ்ஹவுஸ் திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி (சேலம்): நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினிதானா?

இல்லை. சூரினாம் ரொட்டிக் கடையைத் தேடுங்கள். சூரினாம் என்பது தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த நாடு. 1873 முதல் இந்தியாவிலிருந்து தோட்டக் கூலிகளாகச் சூரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சாவளியினர், 1975இல் அந்நாடு விடுதலை அடைந்த சமயத்தில் பெருமளவில் நெதர்லாந்துக்கு வந்தார்கள். ஹேக்கில் அவர்கள் நிறைய. பருப்புப் பொடி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, நீளக் காராமணிப் பொரியல், தொட்டுக்கொள்ள காரமான மிளகாய்ச் சட்னி. சைவம் என்று சொல்லும்போதே முட்டை வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்கமாக ஒரு அவித்த முட்டை கூடவே வந்து உட்காரும்.

இந்தோனேசியக் கடைகளில் டெம்பே என்னும் சோயாக் கட்டியும், வேர்க்கடலைச் சாஸ் ஊற்றிய காய்கறியான கடோ கடோவும் கிடைக்கும். ஆனால் சம்பால் என்னும் மிளகாய் விழுதில் இறால் விழுது, அப்பளத்தில் இறால், கடோ கடோவில் அவித்த முட்டை இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கு வறுவலுக்கு மயோனைஸ் வேண்டாம், அதில் முட்டை. வேர்க்கடலைச் சாஸ் கேளுங்கள். பான்கேக், பொஃபர்ட்யஸ் என்னும் குட்டிப் பான்கேக் இரண்டும் பெரும்பாலும் முட்டை போட்டவை. பழைய முறைச் சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள். அதுவும் ஆகாது என்றால் சூப்பர் மார்க்கெட்டில் சைவ முத்திரை பார்த்து வாங்குவதுதான் வழி.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிக்கப் பாருங்கள். ஒன்பதைத் தாண்டினால் பல சமையலறைகள் மூடிவிடும்.

கேள்வி (திருச்சி): ராட்டர்டாம் வெறும் கட்டடக் காடு, பழமை ஒன்றும் இல்லை, விட்டுவிடு என்கிறார் நண்பர்.

பழமை இல்லாமல் போனதற்குக் காரணம் தெரிந்துகொண்டு போனால் அந்த நகரம் வேறு மாதிரி தெரியும். 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டதில் நகரின் நடுப்பகுதி எரிந்து தீர்ந்தது. லாரன்ஸ் தேவாலயம் கூரையிழந்து சுவர்களோடு நின்றது, பின்னால் அதைச் சீரமைத்தார்கள். சுற்றிலும் வெற்றிடம். பழையதை அப்படியே திரும்பக் கட்டாமல், புதிதாக யோசித்துப் பார்ப்போம் என்று இறங்கிய ஊர் அது.

பிளாக் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே கனசதுர வீடுகள், பீட் ப்ளோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1984இல் முடிந்தவை. கனசதுரத்தைச் சாய்த்து ஒரு மூலையில் நிறுத்தியிருக்கிறார். மக்கள் குடியிருக்கிறார்கள், ஒரு வீட்டை மட்டும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். உள்ளே போனால் சுவர் நம்மீது சாய்கிறது, ஜன்னல் தெருவைக் குனிந்து பார்க்கிறது. பீரோவை எங்கே வைப்பார்கள் என்று என்னோடு வந்தவர்கள் கேட்காமல் இருந்ததே இல்லை. பக்கத்திலேயே 2014இல் திறந்த மார்க்கெட் கூடம். குதிரைலாட வளைவு முழுக்க அடுக்குமாடி வீடுகள், வளைவின் அடியில் சந்தை, உட்கூரை முழுதும் பெரிய பெரிய பழமும் பூவுமாகப் படம்.

எராஸ்மஸ் பாலத்தடியிலிருந்து நீர்ப்பேருந்தில் கின்டர்டைக் பக்கம் போகலாம். 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1740 வாக்கில் கட்டியவை. இவை மாவு அரைக்க வந்தவை அல்ல. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தின் நீரை இறைத்து மேலே உள்ள தேக்கத்தில் ஏற்றவும், அங்கிருந்து ஆற்றில் விடவும் கட்டியவை. நாட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு இடம் போதும். ஆம்ஸ்டர்டாம் பக்கமுள்ள ஸான்ஸ ஸ்கான்ஸும் அழகுதான், ஆனால் அங்கே காற்றாலைகளைவிடச் செல்ஃபிக் கம்புகள் அதிகம்.

கேள்வி (மதுரை): அம்மா, நானும் என் வீட்டு அம்மாவும் அறுபதைத் தாண்டியவர்கள். அவளுக்கு முழங்கால் வலி. சமாளிக்க முடியுமா?

நிலம் தட்டை ஐயா, அதனால் நடப்பது பிரச்சினையில்லை. படிதான் பிரச்சினை. கால்வாய் ஓரப் பழைய வீடுகளை ஹோட்டலாக்கியிருப்பார்கள். அந்த மாடிப்படி பரண் ஏறும் ஏணிதான், கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏற வேண்டும். வீட்டு உச்சியில் ஒரு விட்டமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருப்பதே அதனால்தான், சாமான்களைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். ரூம் போடும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், படத்தை நம்பாதீர்கள். இன்னொரு சின்ன விஷயம், இங்கே இரட்டைக் கட்டில் என்பது பெரும்பாலும் ஒட்டிப் போட்ட இரண்டு மெத்தைகள். திடுக்கிட வேண்டாம்.

உட்ரெக்டில் டோம் கோபுரம் 112 மீட்டர், 465 படி. அதை விட்டுவிடுங்கள், கீழே நின்று பார்த்தாலே கதை தெரியும். கோபுரம் ஒருபக்கம், தேவாலயம் ஒருபக்கம், நடுவில் திறந்த சதுக்கம். 1674இல் அடித்த புயலில் இடையிலிருந்த மண்டபம் சரிந்தது, அந்த இடைவெளி அப்படியே நின்றுவிட்டது. பிறகு கால்வாய்ப் படகில் ஏறிக்கொள்ளுங்கள். தெருவுக்குக் கீழே நீர்மட்டத்தில் பழைய சரக்கு நிலவறைகள் வரிசையாக இருக்கும், இன்று பல உணவகங்களாகிவிட்டன.

நடக்கும்போது ஒன்று மட்டும்: சிவப்பாகப் பாவிய பாதை சைக்கிளுக்கு. அதில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். மணி அடிப்பார்கள், நிறுத்த மாட்டார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): லைடன் செப்பேடுகளை நேரில் பார்க்க முடியுமா?

அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைத் தந்ததைச் சொல்லும் 21 ஏடுகளும், குலோத்துங்கன் காலத்து 3 ஏடுகளும் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால்தான் அந்தப் பெயர். நூலகத்தில் காத்து வைத்திருந்த ஆவணங்கள் அவை, டிக்கெட் வாங்கி நுழைந்து பார்க்கும் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. திருப்பித் தரும்படி இந்தியா கேட்டும் வந்திருக்கிறது.

உறுதியாகப் பார்க்கக்கூடியது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் ஆசியக் கூடத்தில் உள்ள சோழர் கால நடராசர். ஒன்றரை மீட்டர் உயரம், சுமார் 300 கிலோ. உள்ளே வெறும் கூடா கெட்டியா என்று பார்க்க, ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் லாரியோடு ஏற்றிச் சோதித்தார்கள். திருவாசி உட்பட முழுக்கக் கெட்டி வார்ப்பு என்று தெரிந்தது. நம் ஸ்தபதிகளிடம் கேட்டிருந்தால் லாரிச் செலவு மிச்சம்.

கேள்வி (ஈரோடு): ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்து டைரி எழுதிய வீட்டுக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லையே?

வாசலில் விற்பதில்லை, ஆன்லைன் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்குத் திறப்பார்கள். விசா கையில் வந்ததும் முதல் வேலை இதுதான். வான்கோ மியூசியத்துக்கும் நேரம் குறித்து முன்பே வாங்க வேண்டும்.

கேள்வி (நெல்லை): ஒரு நாள் மிச்சமிருக்கிறது. மாஸ்ட்ரிக்ட் போய்வரலாமா?

ஆம்ஸ்டர்டாமிலிருந்து போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அழகான ஊர்தான், பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்குள் புத்தகக் கடையே இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் போய்வந்தால் ரயிலைத்தான் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பதில் ஹார்லெம் போங்கள். பாவோ தேவாலயத்தில் 1738இல் முடித்த பெரிய ஆர்கன் என்னும் குழாய் இசைக்கருவி இருக்கிறது, சிறுவன் மொஸார்ட் வாசித்தது. பக்கத்தில் 1784 முதல் திறந்திருக்கும் டெய்லர்ஸ் மியூசியம், நாட்டிலேயே பழையது. திங்கட்கிழமை மியூசியம் மூடியிருக்கும், அன்று வேண்டாம்.