எழுத்தில் வாங்கினீர்களா? – வெளிநாட்டு செமஸ்டர் கேள்வி-பதில்

கட்டடக்கலை மாணவர்கள் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இத்தாலி. மீதியில் பல, ‘முழு விவரம் அனுப்பவும்’ என்ற ஒற்றை வரிக் கடிதங்கள். அவற்றை எழுதியவர்கள் இங்கே தங்கள் பதிலைத் தேட வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு மாணவர், குரோம்பேட்டை: ஃபுளோரன்ஸில் ஒரு செமஸ்டர் படிக்க டூரிஸ்ட் விசா போதுமா? சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள்.

போதாது. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். செமஸ்டர், தேர்வையும் சேர்த்தால், ஏறக்குறைய ஐந்து மாதம். உங்களுக்கு வேண்டியது ‘டி’ வகை மாணவர் விசா. அதோடும் வேலை முடியவில்லை. இத்தாலியில் இறங்கி எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கு மனுக் கொடுக்க வேண்டும். அதன் ரசீதைப் பாஸ்போர்ட்டுடனேயே வைத்திருங்கள். அனுமதி அட்டை கைக்கு வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடலாம்.

பெயரும் ஊரும் எழுதாத ஒருவர்: இத்தாலிக்கு எவ்வளவு செலவாகும்?

எந்த நகரம், எத்தனை மாதம், தனி அறையா, பகிர்ந்த அறையா? ஒன்றும் எழுதவில்லை. ஃபுளோரன்ஸ் என்று வைத்துக்கொண்டால் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்ந்து மாதம் 900 அல்லது 1000 யூரோ. ரூபாயில் சுமார் ஒரு லட்சம். விமான டிக்கெட் தனி. கட்டட மாடல் செய்யும் அட்டைக்கும் பிரிண்ட் போடவும் ஆகும் செலவை எல்லோரும் மறக்கிறார்கள். நீங்களும் மறப்பீர்கள்.

மாணவியின் தந்தை, தாம்பரம்: துறைத் தலைவர் ‘போய்விட்டு வரட்டும், கிரெடிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். நம்பலாமா?

அவர் நல்லவராகவே இருக்கலாம். உங்கள் மகள் திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருக்கலாம். எழுத்தில் வாங்குங்கள்.

ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊர்க் கிரெடிட்டுக்கும் அதற்கும் கணக்கு நேராகப் பொருந்தாது. ஆகவே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று லேர்னிங் அக்ரிமென்ட் என்னும் பாட ஒப்பந்தத்தில் வரி வரியாக இருக்க வேண்டும். மாணவி, இங்குள்ள கல்லூரி, அங்குள்ள கல்லூரி மூவரின் கையெழுத்தும் வேண்டும். முக்கியமாக டிசைன் ஸ்டுடியோ, அதாவது கட்டடம் வடிவமைக்கும் பாடம். அதற்கு ஈடு கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போனதுபோலத்தான். அங்கே மதிப்பெண் 30-க்கு, தேர்ச்சி 18. அது இங்கே என்ன கிரேடாக மாறும் என்பதும் அதே தாளில் வரட்டும். இலையுதிர் செமஸ்டரின் தேர்வுகள் ஜனவரி, பிப்ரவரி வரை நீளும். அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் வகுப்பு தொடங்கியிருக்கும். அந்த வாரங்களின் வருகைப்பதிவுக்கும் தனியாக ஒரு கடிதம்.

ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்யத் தேவையான கவுன்சில் பதிவுக்குச் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டம் தருவது உங்கள் பல்கலைக்கழகம்தான். கிரெடிட் ஏற்கப்பட்டால் பயமில்லை.

நான்காம் ஆண்டு மாணவர், வடபழனி: ஓர் ஏஜென்சி மூன்று லட்சம் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் உதவித்தொகையும் வாங்கித் தருவார்களாம்.

செமஸ்டர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் தொகை இரண்டு கல்லூரிகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தத்தின் வழியாக வருவது. ஏஜென்ட் வாங்கித் தரும் சரக்கல்ல. ஒப்பந்தம் இருந்தால் அங்கே கல்விக் கட்டணமும் கிடையாது. இங்கே வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும். உங்கள் கல்லூரியின் சர்வதேசத் தொடர்பு அலுவலகத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள். அப்படியும் ஏஜென்சிதான் என்றால், அவர்கள் வாய்ச்சொல்லாகத் தரும் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். பேச்சு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

நான்காம் ஆண்டு மாணவி, அண்ணாநகர்: போர்ட்ஃபோலியோவில் ஏழு ப்ராஜெக்ட், எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் செய்த நல்ல ரெண்டர் படம் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கும் இத்தாலியக் கல்லூரி, ஒரு கட்டடத்தை அளந்து வரைந்த மெஷர்ட் டிராயிங்கும் கேட்கிறது. ஸ்டடி டூரில் குழுவாகச் செய்ததை என்னுடையது என்று வைக்கலாமா? இப்போதெல்லாம் கட்டடத்தையே ஸ்கேன் செய்கிறார்களே, இதெல்லாம் எதற்கு?

வைக்கக் கூடாது. அந்தக் குழுவில் டேப் பிடித்தவர்கள் இரண்டு பேர், குறித்துக்கொண்டவர் ஒருவர், மீதிப் பேர் கோயில் வாசலில் இளநீர் குடித்தவர்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது. ஆனால் நேர்காணலில் ‘இந்தச் சுவர் ஏன் இங்கே தடிமனாகிறது?’ என்று கேட்டால் தெரிந்துவிடும். நாற்பதுக்கு மேற்பட்ட ரெண்டர்களை அனுப்புகிறீர்கள். ஒன்றிலாவது சுவர் எதனால் ஆனது என்று தெரிகிறதா? எல்லாவற்றிலும் மாலை வெயில், ஒரு சைக்கிள், பலூன் பிடித்த குழந்தை.

இத்தாலியக் கல்லூரிகளில் கட்டடத்தை அளந்து வரைவது தனிப் பாடம். ரிலியேவோ என்பார்கள். அதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். அதற்கான பயிற்சியை அங்கே போய் ஆரம்பிக்க நேரம் இருக்காது. எனவே இந்த மாதமே ஒரு வீட்டை அளந்துவிடுங்கள். மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஜார்ஜ் டவுனிலோ இடிக்கப்படாமல் ஒரு திண்ணை வீடு மிச்சம் இருக்கும். உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், அதையும் எழுத்தில். 30 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப், பென்சில் போதும். ஒரு சுவரின் அளவுகளைத் துண்டு துண்டாக எடுத்துக் கூட்டாதீர்கள். ஒரே மூலையிலிருந்து தொடர்ச்சியாகப் படியுங்கள், இல்லாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். எந்த அறையானாலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். பழைய வீட்டில் அவை சமமாக இருந்தால் டேப்பைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக, சுண்ணாம்புக் காரையில் சென்ட்ரிங் இல்லாமலேயே அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லி, அதன் மேல் தட்டோடு. கட்டைக்குக் கட்டை இடைவெளி எவ்வளவு, சுவருக்குள் எவ்வளவு நுழைகிறது, எந்த முனை மக்கியிருக்கிறது எல்லாவற்றையும் குறியுங்கள். ஸ்கேனர் கோடிக்கணக்கான புள்ளிகளைத் தரும். கட்டை முனை மக்கியதற்கு அதற்கு மேலே இருக்கும் மழைநீர்க் குழாய்தான் காரணம் என்று அது சொல்லாது.

இதைச் செய்துவிட்டு ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்தில் ஏறுங்கள். 463 படி, குவிமாடத்தின் உள்கூடு, வெளிக்கூடு இரண்டுக்கும் நடுவே போகிறது வழி. 45 மீட்டர் அகலத்தைத் தரையிலிருந்து சாரம் எழுப்பாமல் 1420-க்கும் 1436-க்கும் இடையில் மூடினார்கள். கட்டும்போது செங்கல் சரியாமல் இருக்க, இடையிடையே சில செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திவைத்து மீன்முள் போல அடுக்கியிருக்கிறார்கள். மயிலாப்பூர்க் கூரையை அளந்தவருக்கு அங்கே கேட்க நாலு கேள்வி இருக்கும். அளக்காதவர் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்குவார்.

கட்டடக்கலை மாணவர், அடையாறு: வெனிஸா, ரோமா, பிராகா?

கல்லூரியில் அந்த செமஸ்டர் ஸ்டுடியோவை நடத்துவது யார், எந்த மொழியில் என்று முதலில் பாருங்கள். இத்தாலியில் பல பாடங்கள் இத்தாலிய மொழியில்தான் நடக்கும். ஆங்கிலத்தில் நடப்பவை எவை என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதெல்லாம் சமம் என்றால் என் ஓட்டு வெனிசுக்கு. 2015-இல் வீட்டுக்குள் வெள்ளம் வந்து நின்ற ஊர்க்காரர் நீங்கள். வெள்ளத்தோடு குடித்தனம் நடத்தும் நகரத்தைப் பார்ப்பது நல்லது. மரத்தூண்களின் மேல் இஸ்திரியா பகுதிச் சுண்ணாம்புக் கல்லை வைத்து ஈரம் செங்கல் சுவரில் ஏறாமல் தடுத்திருக்கிறார்கள். குவெரினி ஸ்டாம்பாலியா மாளிகையில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா, கால்வாய்த் தண்ணீர் தரைத்தளத்துக்குள் வரட்டும் என்று விட்டு, அதற்கு ஓரங்களில் வாய்க்கால் அமைத்து அடக்கியிருக்கிறார். ஒரு முழு மதியம் அங்கே உட்கார்ந்து வரையுங்கள்.

மாணவி, பெரம்பூர்: அருங்காட்சியக டிக்கெட்டுக்கே பணம் கரைந்துவிடும் போலிருக்கிறதே?

மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் இலவசம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிப்பதற்கான அடையாள அட்டையை மற்ற நாட்களிலும் காட்டிப் பாருங்கள். ஃபுளோரன்ஸ் குவிமாடம் அரசுடையது அல்ல. அதற்கு முன்பதிவும் பணமும் உண்டு.

இரண்டாம் ஆண்டு மாணவர், வியாசர்பாடி: வெளிநாடு போக வசதியில்லை. இந்த அனுபவமே கிடைக்காதா?

அகமதாபாத் போங்கள். 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த முதல் இந்திய நகரம். போல் என்னும் குறுகலான குடியிருப்புத் தெருக்கள், மர வேலைப்பாடு மிக்க வீடுகள். ஆற்றங்கரையில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த மில் முதலாளிகள் சங்கக் கட்டடம். ரயிலில் போய்விடலாம், விசா வேண்டாம். ஆனால் செமஸ்டராகப் போவதென்றால் கிரெடிட் கடிதம் இதற்கும் வேண்டும்.

மாணவர், வேளச்சேரி: வாடகை வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். இரண்டு மாத முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் மாணவர் விடுதியில் தங்கி, நேரில் பார்த்து, ஒப்பந்தம் எழுதிய பிறகே பணம்.

மாணவியின் தாயார், மேற்கு மாம்பலம்: குக்கர், நெய், பால்கோவா கொடுத்து அனுப்பலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருட்களைக் கொண்டுவர அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். சாம்பார்ப் பொடி, புளி, அப்பளம் கொடுங்கள் அம்மா. குக்கர் எவர்சில்வராக இருக்கட்டும்; அங்கே வாடகை அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அலுமினியம் சூடாகாது. மாடல் வெட்டும் கட்டரை மட்டும் கைப்பையில் வைக்க விடாதீர்கள்.