ஹட்கோவில் 200 பங்கு வைத்திருப்பவரின் ஓட்டுக்கு என்ன மதிப்பு?

கேள்வி: வீட்டுவசதி, நகர்ப்புறத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் மத்திய அரசு நிறுவனமான ஹட்கோவின் 2017 ஐபிஓவில் (முதல் பங்கு வெளியீடு) விண்ணப்பித்து 200 பங்கு கிடைத்தது, இன்னும் விற்கவில்லை. வருடாவருடம் ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நோட்டீஸ் மெயிலில் வருகிறது. முக்கால்வாசிப் பங்கை அரசே வைத்திருக்கும்போது நான் ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது? உண்மையில் அங்கே முடிவெடுப்பது யார்? இன்னொன்று, என் தங்கை குடியிருக்கும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு ஹட்கோ கடனில் கட்டியதாம், மேல்தளம் ஒழுகுகிறது. பங்குதாரர் என்ற முறையில் ஹட்கோவிடம் புகார் கொடுக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: முதலில் ஓட்டு. ஹட்கோவின் மொத்தப் பங்குகள் சுமார் 200 கோடி, உங்களிடம் இருப்பது 200. கம்பெனியில் கோடியில் ஒரு பாகம் உங்களுடையது. அரசு 2023 அக்டோபரில் கொஞ்சம் விற்ற பிறகும் ஏறத்தாழ 75 சதவீதம் அதன் கையில்தான் இருக்கிறது. முக்கிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதும். மீதி 25 சதவீதக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்ட கதை எந்தக் கம்பெனியிலும் நடப்பதில்லை, ஆக அரசு கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். ஓட்டுப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

சரி, அந்த அரசு என்பது யார்? பங்குதாரர் பட்டியலில் இந்தியக் குடியரசுத் தலைவர் என்று இருக்கும். அவர் சார்பில் செயல்படுவது வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம். ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் வழியாகவும் ஒரு பகுதி இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. 1970 ஏப்ரலில் ஆரம்பித்ததிலிருந்தே ஹட்கோ சட்டப்படி ஒரு சாதாரணக் கம்பெனிதான், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உண்டாக்கியதல்ல. அதனால் கம்பெனிச் சட்டம் முழுக்க இதற்கும் பொருந்தும், ஆனால் அரசு கம்பெனிக்கென்று அங்கங்கே சலுகைகள் செருகியிருப்பார்கள். சுவாரசியமே அங்கேதான்.

நோட்டீஸில் இயக்குநர் நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரை உண்மையில் தேர்ந்தெடுத்தது போர்டு (இயக்குநர் குழு) இல்லை. சிஎம்டி (தலைவர் மற்றும் நிர்வாக இயக்குநர்), நிதி இயக்குநர் போன்ற முழுநேரப் பதவிகளுக்குப் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் நேர்காணல் நடத்திப் பெயர் சொல்லும், பிரதமர் தலைமையிலான மத்திய அமைச்சரவை நியமனக் குழு ஒப்புதல் கொடுக்கும், அப்புறம் அமைச்சகத்திலிருந்து உத்தரவு வரும். உங்கள் ஓட்டு அதற்கெல்லாம் பிறகு. இவர்களோடு அமைச்சகத்து அதிகாரிகளும் அரசு நியமன இயக்குநர்களாக உட்காருவார்கள். தலைவரே முழுநேர நிர்வாகியாகவும் இருந்தால் போர்டில் பாதிப்பேர் சுயாதீன இயக்குநர்களாக (கம்பெனியோடு வேறு தொடர்பு இல்லாதவர்கள்) இருக்க வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அவர்களையும் அரசுதான் நியமிக்கிறது. மற்ற கம்பெனிகளில் சுயாதீன இயக்குநர் நேர்மையும் அனுபவமும் உள்ளவர் என்று போர்டு கருத வேண்டும், அரசு கம்பெனியில் அமைச்சகம் கருதினால் போதும்! இடம் காலியாகிக் கிடந்தால் பங்குச்சந்தை அபராதம் போடும், நியமனம் எங்கள் கையில் இல்லையே என்று கம்பெனி பதில் எழுதும். பல பொதுத்துறை நிறுவனங்களில் இது வழக்கமான கடிதப் போக்குவரத்து. என்னைக் கேட்டால், ஆண்டறிக்கையில் எந்தெந்த மாதம் எத்தனை சுயாதீன நாற்காலி காலியாக இருந்தது என்று பார்ப்பதே லாபக் கணக்கைப் பார்ப்பதற்கு அடுத்த முக்கியமான வேலை.

ஆடிட்டர் விஷயத்தையும் அந்த நோட்டீஸிலேயே பாருங்கள். ஆடிட்டரை நியமிக்க உங்களிடம் ஒப்புதல் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களின் ஊதியத்தை முடிவுசெய்ய போர்டுக்கு அதிகாரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருப்பார்கள். நியமிப்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி. ஆடிட்டர் அறிக்கை கிடைத்த பிறகு சிஏஜி துணைத் தணிக்கை செய்து தன் கருத்தைச் சொல்லலாம். அது ஏஜிஎம்முக்கும் வரும், ஆண்டறிக்கையோடு நாடாளுமன்றத்துக்கும் போகும். ஆண்டறிக்கையில் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். கருத்துச் சொல்ல எதுவும் இல்லை என்று இருந்தால் நல்லது, திரும்பாமல் போகக்கூடிய எந்தக் கடனுக்காவது முன்கூட்டி ஒதுக்கிய தொகை குறைவு என்று எழுதியிருந்தால் அங்கே நின்று படியுங்கள்.

ஏனென்றால் இங்கே கடன்தான் எல்லாமே. தனியாருக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகிப் படுத்த பிறகு, 2013 மார்ச்சிலிருந்து தனியாருக்குப் புதுக் கடன் கிடையாது என்று நிறுத்தினார்கள். மாநில அரசுகளும் அவற்றின் வாரியங்களும்தான் இப்போதைய வாடிக்கையாளர்கள். இதில் ஒரு சிக்கல் வந்தது: வீட்டுக்கடன் நிறுவனம் என்ற பெயரை வைத்துக்கொள்ள, சொத்தில் பாதியாவது தனிநபர் வீட்டுக்கடனாக இருக்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. அரசுகளுக்குக் கடன் கொடுக்கும் ஹட்கோவுக்கு அது எப்படிச் சரிப்படும்? அதனால் 2024 ஆகஸ்ட்டில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமாகப் பதிவை மாற்றிக்கொண்டது. ஆக அமைச்சகம், செபி, சிஏஜி தவிர ரிசர்வ் வங்கியும் தலைக்கு மேல். பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்கு அரசு தரும் நவரத்னா அந்தஸ்து 2024 ஏப்ரலில் கிடைத்தது, அதனால் அரசிடம் கேட்காமல் சொந்தமாக முதலீடு செய்யும் வரம்புதான் கூடியிருக்கிறது, போர்டை நியமிக்கும் முறை அப்படியேதான் இருக்கிறது.

தங்கை வீட்டு ஒழுகலுக்கு வருவோம். பங்குதாரராக இருப்பது இதில் உதவாது. ஹட்கோ கடன் கொடுத்தவர் மட்டும், கட்டியதும் பராமரிப்பதும் வாரியம். கார் ரிப்பேருக்கு யாரும் கடன் கொடுத்த பேங்க்கில் போய் நிற்பதில்லை. புகாரை வாரியத்தின் செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஆனால் ஹட்கோவும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. 10 ரூபாய் கட்டி, அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு அனுமதித்தார்கள், எத்தனை தவணை விடுவித்தார்கள், மாநில அரசு உத்தரவாதம் உண்டா, கடைசித் தவணைக்கு முன் ஆய்வு அறிக்கை வாங்கினார்களா என்று கேளுங்கள். வணிக ரகசியம் என்று சிலவற்றை மறுக்கலாம், அப்போது முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆய்வு அறிக்கை கைக்கு வந்தால் வாரியத்திடம் வாதாட வசதியாக இருக்கும்.

ஏஜிஎம்மில் பேச ஆசை இருந்தால் முன்கூட்டியே பேச்சாளராகப் பதிவுசெய்ய வேண்டும், டிமேட் எண் கேட்பார்கள், கடைசித் தேதி நோட்டீஸின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். வேறொரு கம்பெனிக் கூட்டத்தில் அதைக் கவனிக்காமல் நானே இரண்டு நாள் தவறவிட்டு, இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.