பின்னால் இருப்பதை ஏன் அழிக்கிறீர்கள்?

ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை வெகுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. போன வருடம் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான், வேறு எதுவும் இல்லை. தோளில் தொங்குவதே தெரியாது. வேலைக்குப் போகும்போதும் பையில் கிடக்கும். சந்தோஷமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் புகைப்பட ஆர்வலர்கள் சிலரோடு சேர்ந்து படம் எடுக்கப் போனேன். ஒருவர் என் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கிட் லென்ஸ்லயேவா இருக்கீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து கேமராவை வெளியே எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. யோசித்தால் அவர் சொல்வதும் சரிதானோ என்று படுகிறது. மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம், பிளாஸ்டிக். ஜூம் செய்தால் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 3.5இலிருந்து எஃப் 5.6க்குச் சுருங்கிவிடுகிறது (எண் கூடினால் துளை சின்னது). பின்னணி மங்குவதே இல்லை. ஒரு 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாமா? இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டு பெரிய சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமராவுக்கும் 24-70 எஃப் 2.8 லென்ஸுக்கும் போய்விடலாமா? ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்து, எடுக்க வேண்டுமா, சுருக்கிய ஜேபெக் போதுமா?

மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். அப்பா தச்சுப் பட்டறையில் இருக்கும் படத்தில் பின்னணி கொஞ்சம் குப்பையாக இருந்ததால் செயலியில் மங்கலாக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

ஒரு வருடம் சந்தோஷமாக இருந்த மனிதர் நீங்கள். ஒரே ஒரு கேள்வியில் அதைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறீர்கள். கேட்டவர் எடுத்த படம் ஒன்றையாவது காட்டச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பிளாஸ்டிக் மவுண்டை மறந்துவிடுங்கள். அதை வைத்து ஆணி அடிக்காதவரை ஒன்றும் ஆகாது. ஜூம் செய்யும்போது அப்பர்ச்சர் சுருங்குவது கோளாறு இல்லை, லென்ஸைச் சின்னதாக வைப்பதற்காகத் தெரிந்தே செய்த ஏற்பாடு. எஃப் 2.8 நிலையாக நிற்கும் 24-70 முக்கால் கிலோவை ஒட்டி வரும். உங்களுடையது சுமார் 200 கிராம். ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்யக் கேமராவிலேயே வழி இருக்கிறது.

அந்த ஃபுல் பிரேம் மோகத்துக்கு மட்டும் ஒரு கதை சொல்கிறேன். ஆஸ்கர் பர்னாக் என்று ஒருவர், ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆஸ்துமாக்காரர். அந்தக் காலத்துப் பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு நடக்க அவர் உடம்பு இடம்கொடுக்கவில்லை. சினிமாவுக்குப் பயன்படுத்தும் 35 மி.மீ. ஃபிலிமை எடுத்தார். அதன் 18க்கு 24 மி.மீ. சட்டத்தை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். 1914 வாக்கில் மாதிரி தயார். நடுவில் முதல் உலகப்போர். 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அது லைகா என்ற பெயரில் வெளிவந்தது. கழற்ற முடியாத ஒரே லென்ஸ், 50 மி.மீ., எஃப் 3.5. இன்று உங்கள் நண்பர்கள் ஃபுல் பிரேம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்களே, அது இந்த 24க்கு 36தான்; மூச்சிரைத்த ஒரு மனிதர் பாரத்தைக் குறைக்க எடுத்துக்கொண்ட குட்டி அளவு. சின்ன கேமராவுக்காக வெட்கப்பட நினைத்தால் முதலில் அவருக்காக வெட்கப்படுங்கள்.

போகட்டும். இதைச் சொல்ல நான் பதில் எழுத உட்காரவில்லை. "பின்னணி கொஞ்சம் குப்பையாக இருந்ததால்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

அக்காவும் நானும் இப்போது வீட்டிலிருக்கும் பழைய ஆல்பங்களைப் பிரித்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். வேலை நகர்வதே இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் சண்டை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. பக்கத்தில் நான், அரைக்கால் சட்டையில். அது பழைய வீட்டில் எடுத்தது என்கிறாள் அக்கா. இல்லை, வீடு மாறிய பிறகு என்கிறேன் நான். அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். கம்பிகள் குறுக்காக ஓடின. பழைய வீட்டு ஜன்னலுக்குக் கம்பி நெட்டுக்குத்தாக இருக்கும். யார் ஜெயித்தது என்பது உங்களுக்குத் தேவையில்லை. அதே ஜன்னல் திண்டில் ஒரு தையல் டப்பா இருந்தது, மூடியில் ஒரு நெளிவோடு. இரண்டு பேருமே அதை அடியோடு மறந்திருந்தோம். அந்த நெளிவு எப்படி விழுந்தது என்று அக்கா சொல்ல ஆரம்பித்து, அதிலிருந்து வேறெங்கோ போய், அன்று ஸ்கேனரை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தோம்.

அந்தப் படத்தை எடுத்தது ஒரு சாதாரண பாக்ஸ் கேமரா. ஃபோகஸ் செய்யும் வசதியே கிடையாது. துளை சின்னது. பின்னணியை மங்கலாக்க வேண்டும் என்று எடுத்தவர் ஆசைப்பட்டிருந்தாலும் முடிந்திருக்காது. அவர் கையில் நீங்கள் கேட்கிற 85 எஃப் 1.8 இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபுல் பிரேமில், இரண்டு மீட்டர் தூரத்தில், முழுதாகத் திறந்து வைத்தால் அந்த லென்ஸுக்குத் தெளிவின் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதே கரைய ஆரம்பிக்கும். ஜன்னல் வெறும் வெளிச்சத் திட்டாகப் போயிருக்கும், டப்பா இருந்த சுவடே இருக்காது. அம்மாவின் முகம் அழகாக வந்திருக்கும், சந்தேகமில்லை. அது எந்த வீடு என்று எங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

இப்போது உங்கள் அப்பாவின் படத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? எது அப்பாவின் காது, எது பின்னால் தொங்கும் ரம்பத்தின் பிடி என்று செயலிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. காதின் மேல்விளிம்பைக் கொஞ்சம் தின்றுவிட்டது. அவர் கையிலிருக்கும் இழைப்புளி பாதியில் கரைகிறது. தோளைச் சுற்றி வெளிறிய ஒரு கோடு, யாரோ கத்தரித்து ஒட்டியதுபோல. அந்தச் சுவரில் அவர் எந்த ஆணியில் எந்த உளியை மாட்டுகிறார், எந்த அளவுகோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மூலையில் என்ன மரத்துண்டைப் பின்னால் உதவும் என்று சாத்தி வைத்திருக்கிறார், இதெல்லாம் சேர்ந்துதான் அவர். குப்பை என்கிறீர்கள். அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932இல் பாரிஸின் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீரின் மேல் ஒருவர் தாவுகிறார், குதிகால் தண்ணீரைத் தொடப்போகிறது. எல்லோரும் அந்தத் தாவலைப் பற்றியே பேசுவார்கள். பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பாருங்கள். அதில் ஒரு நடன உருவமும் தாவிக்கொண்டிருக்கிறது. அந்தப் போஸ்டர் கரைந்து போயிருந்தால் தண்ணீரைத் தாண்டுகிற ஒருவர் மட்டும் மிஞ்சியிருப்பார். எடுத்த கேமரா அந்தச் சின்ன லைகாதான்.

பின்னணி கலைந்திருந்தால் அதற்கு மருந்து உங்கள் கிட் லென்ஸிலேயே இருக்கிறது. ஜூம் வளையத்தை, நகரச் சோம்பல்பட்டு ஆளை அருகே இழுக்கும் கருவியாக வைத்திருக்கிறீர்கள். இனி பின்னணியைத் தேர்ந்தெடுக்க அதைத் திருப்புங்கள். 18இல் வைத்து அப்பாவுக்கு அருகே போனால் பின்சுவர் விலகிச் சிறுத்து, பட்டறை முழுவதும் உள்ளே வரும். 55இல் வைத்து மூன்று பங்கு தூரம் பின்னால் போனால் அப்பா அதே அளவில்தான் இருப்பார், சுவரில் ஒரு துண்டு மட்டும் பெரிதாக அவருக்குப் பின்னால் வந்து நிற்கும். எந்தத் துண்டு என்பதை முடிவு செய்வது உங்கள் கால். இடதுபக்கம் ஒரு அடி நகர்ந்தால் ரம்பம் அவர் தலையிலிருந்து முளைக்காது. கொஞ்சம் குனிந்தால் கூரை விளக்கு மறையும். இதைச் செய்யாமல் எஃப் 1.4 கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் தப்பிப்பதற்கு இவ்வளவு பெரிய கண்ணாடியா?

18இல், எஃப் 8 வைத்து, இரண்டு மீட்டரில் ஃபோகஸை நிறுத்திப் பாருங்கள். ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக இருக்கும். அப்புறம் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். நடக்கலாம், பார்க்கலாம், எடுக்கலாம். அப்படி எடுக்கத் தொடங்கினால் சட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் நீங்களே பொறுப்பு. முதலில் பயமாக இருக்கும். உங்கள் மற்ற இரண்டு படங்களில், சைக்கிளைத் துடைக்கிற பையன் படத்தில் அந்தப் பொறுப்பைத் தெரியாமலே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். அதுதான் நீங்கள் அனுப்பியதில் நல்ல படம். மற்றதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சூரியன் மறைகிறது.

கிட் லென்ஸுக்கு முடியாதது உண்டு. எஃப் 5.6இல் வருவதைவிட எஃப் 2.8இல் நான்கு மடங்கு ஒளி வரும். இருட்டு அறையில் ஓடுகிற குழந்தையை உங்கள் லென்ஸின் ஸ்டெபிலைசர் நிறுத்தாது, அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சமாளிக்கும். அந்த மாதிரிப் படங்கள் நிறைய எடுப்பதாக இருந்தால் 35 எஃப் 1.8 ஒன்று வாங்குங்கள். சின்னது, பையில் இடம் அடைக்காது. அதையும் பட்டறையில் எஃப் 5.6க்கு மூடி எடுத்துப் பாருங்கள்.

85 வேண்டாம். உங்கள் கேமராவின் சென்சார் ஃபுல் பிரேமைவிடச் சின்னது, அதில் அது கிட்டத்தட்ட 130 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஒருவரை இடுப்புவரை எடுக்கவே மூன்றரை மீட்டர் பின்வாங்க வேண்டியிருக்கும். அப்பாவின் படத்தில் உங்கள் நிழல் தரையில் விழுந்திருக்கிறது. வாசலில் நின்றுதான் எடுத்திருக்கிறீர்கள். இன்னும் பின்னால் போனால் தெருவில் நிற்பீர்கள், அப்பா உள்ளே இருட்டில் இருப்பார்.

அந்தப் படத்தின் அசல் கோப்பு அழியாமல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.