காப்பகத்தில் இடம் கிடைத்த பிறகும் வீடற்றோருக்குப் பேருந்து ஏன் எட்டுவதில்லை?

"தெருவில் இருந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தாகிவிட்டது, பேருந்துக் கட்டணம் அப்படி என்ன பெரிய சுமை?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சாதாரணக் கட்டணப் பேருந்தில் குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான். ஆனால், நான் பார்த்தவரையில் சிக்கல் காசைவிடக் காகிதத்தில்தான் அதிகம். அறுபது வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் வழங்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அதைப் பெற இருப்பிடச் சான்றாகக் குடும்ப அட்டையைக் காட்ட வேண்டும். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன பெரியவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். ஆதார் அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி எப்போதும் இடுப்பிலேயே செருகி வைத்திருப்பார். வயதுக்கு அந்த அட்டை போதும். குடும்பமும் கதவு எண்ணும் இல்லாத மனிதரிடம் குடும்ப அட்டை எங்கிருந்து வரும்? சர்க்கரை மாத்திரை வாங்க மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்கு நடந்தே போய்வருவார்; அன்றைய கூலி போய்விடும். காப்பகப் பொறுப்பாளர் தரும் கடிதத்தையே இருப்பிடச் சான்றாக ஏற்றுக்கொண்டால் அவரைப் போன்றவர்களுக்கு அந்த டோக்கன் கைக்கு வந்துவிடும்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தில் முகவரியை யாரும் கேட்பதில்லை. அதனால்தான், எந்த அட்டையும் கையில் இல்லாத பெண்கள்கூட முதல் நாளிலிருந்தே அதில் ஏற முடிந்தது. (ஆண்களுக்கு இந்த வழி இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.)

கட்டணம் போனாலும் தூரம் போகவில்லை. நகரின் நடுவே நடைபாதையில் இருந்தவர்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தெற்கு எல்லைகளில். அவர்களுடைய பிழைப்போ பாரிமுனையிலும் பூக்கடையிலும் சென்ட்ரலைச் சுற்றியும் இருக்கிறது. இலவசப் பயணமும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு மட்டுமே என்பதால், சொகுசுப் பேருந்துகளை விட்டுவிட்டுக் காத்து நிற்க வேண்டும். பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவரை, வீடு கிடைத்துப் போன சில மாதங்களுக்குப் பிறகு, பழைய நடைபாதையிலேயே ஓர் இரவு பார்த்தேன். மீதமிருந்த பூவை விற்றுத் தீர்ப்பதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டதாகச் சொன்னார். வாரத்தில் இரண்டு, மூன்று இரவுகள் அப்படித்தானாம். வீட்டுச் சாவி அவருடைய சுருக்குப் பையில் இருந்தது.