வாசகர் கேள்வி பதில்: ஆசிரியராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவருக்கு நினைவு மலர்

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, பிறகு சட்டமன்றத்துக்கும் போன ஐயா சென்ற ஆண்டு மறைந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து மலர் வெளியிடுகிறோம். எதிலிருந்து தொடங்குவது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: கட்டுரை கேட்பதற்கு முன் தேதிகளைத் திரட்டுங்கள். மலர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஜாதகத்தில் வேறொன்று என்பது அந்தத் தலைமுறையில் சகஜம். மலர் முழுக்கச் சான்றிதழ்த் தேதியையே பயன்படுத்துங்கள். மற்றதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியில் சொன்னால் போதும். பணியில் சேர்ந்தது, மாறுதல், பதவி உயர்வு எல்லாம் பணிப்பதிவேட்டில் இருக்கும். வீட்டில் அதன் நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அவர் எந்த அவையில் இருந்தார் என்பது. தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 வரை சட்ட மேலவை இருந்தது. அரசியலமைப்பின் 171ஆவது பிரிவுப்படி மேலவை இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவை. அப்படிப் போனவரை ‘எம்.எல்.ஏ.’ என்று அச்சடித்துவிட்டால் அவருக்கு வாக்களித்த ஆசிரியர்களையே மறைத்ததாகும். பேராசிரியர் க. அன்பழகனைப் பாருங்கள்: 1944 முதல் 1957 வரை பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர்; 1957-ல் எழும்பூரிலிருந்து சட்டப் பேரவைக்கு; 1962-ல் மேலவைக்கு; 1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்கு. மூன்று அவை, மூன்று பதவிப் பெயர்: எம்.எல்.ஏ., எம்.எல்.சி., எம்.பி. உங்கள் ஐயா பேரவை உறுப்பினர் என்றால், அவர் பெற்ற வாக்குகள் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் தொகுதிவாரியாக இருக்கும். ஊரில் சொல்லும் வாக்கு வித்தியாசத்தை அதோடு ஒப்பிடாமல் போடாதீர்கள்.

மலருக்கு உயிர் தரப்போவது பேரவை நடவடிக்கைக் குறிப்புகள். அவர் எழுப்பிய கேள்விகள், கல்வித் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசியது எல்லாம் அங்கே சொன்னது சொன்னபடி பதிவாகியிருக்கும். கூட்டத் தேதி தெரிந்தால் தேடுவது எளிது. பழைய நாளிதழ் நறுக்குகளிலிருந்து தேதியைப் பிடிக்கலாம். இரங்கல் செய்திகள் இருபது பக்கம் போடுவதைவிட, பள்ளியைத் தரம் உயர்த்தக் கேட்டு அவர் பேசிய இரண்டு பக்கம் மேல்.

புகைப்படங்களைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் அவற்றைச் சுருக்கிவிடும்; அச்சில் முகம் கலங்கும். அசல் படங்களை வாங்கி 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் ஸ்கேன் செய்யுங்கள். குழுப்படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அடையாளம் சொல்லும் மூத்தவர்களிடம் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். மொத்தப் பக்கம் 16-ன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது.

கேள்வி: மறைந்த எங்கள் ஆசிரியருக்குப் பேருந்து நிலையம் அருகே சிலை வைக்க அனுமதி கிடைக்குமா? (வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: பொதுச் சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிய சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. பள்ளிச் சுவரில் கருங்கல் பலகை போதும். அதற்கும் பள்ளி நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். கல்வெட்டுக்காரரிடம் வாசகத்தை வேர்டு கோப்பாகக் கொடுத்தால், அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறும். பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் முழு அளவுத் தாளில் அச்செடுத்து இரண்டு பேர் உரக்கப் படித்துப் பாருங்கள். கல்லில் திருத்த முடியாது.

கேள்வி: மறைந்த எங்கள் ஆசிரியர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு கொடுக்க ஒரு லட்ச ரூபாய் சேர்ந்திருக்கிறது. போதுமா? (வாசகர், நீடாமங்கலம்)

பதில்: ஒரு பரிசுக்குப் போதும். வைப்புத்தொகைக்கு 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். முழுவதையும் கொடுத்துவிடாமல் 5,000 பரிசுக்கும் 1,500 முதலோடு சேர்ப்பதற்கும் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் விலைவாசி ஏற ஏறப் பரிசின் மதிப்பு கரையும். பணத்தைத் தலைமையாசிரியரின் சொந்தக் கணக்கில் போட வேண்டாம். அவர் மாறுதலில் போனதும் பரிசு நின்றுபோகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதிந்து, மூன்று அறங்காவலர்களில் இருவர் கையெழுத்திட்டால் கணக்கு இயங்கும்படி வையுங்கள். ‘சிறந்த மாணவர்’ என்று மட்டும் எழுதினால் ஆண்டுதோறும் மனக்கசப்புதான். ‘பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழில் முதல் மதிப்பெண்’ என்று எழுதி, இருவர் சமமாக வந்தால் தொகையைப் பகிர்வது எப்படி என்பதையும் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.