பாட்டி இறக்கப் போகிறார் என்று பிள்ளைகளிடம் எப்போது சொல்வது?

கேள்வி: மாமியாருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஹோஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். மகளுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. தேர்வு முடியும்வரை சொல்ல வேண்டாம் என்கிறார் கணவர். ஏழு வயது மகனிடம், “பாட்டி சாமிகிட்டப் போகப் போறாங்க” என்று சொல்லியிருக்கிறோம். சரிதானா?
- உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

பதில்: மகளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். நாலறை வீட்டில் எந்தக் குசுகுசுப்பு மறையும்? யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகச் சுமக்கிறாள், அவ்வளவுதான். நோய் தேர்வு அட்டவணை பார்த்து நடக்காது. எல்லாருக்கும் தெரிந்ததைத் தன்னிடம் மட்டும் மறைத்தார்கள் என்ற கோபம் பிள்ளைகளுக்குப் பல வருடம் நிற்கும். இந்த வாரமே சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

மகனிடம் சொன்னது தப்பில்லை, ஆனால் அதுவே முதல் வாக்கியமாக இருக்கக் கூடாது. போனவர் திரும்பி வருவார் என்றுதான் சின்னப் பிள்ளை நினைக்கும். சிலர் கோயிலுக்குப் போகவே பயப்படுவார்கள். முதலில் இப்படிச் சொல்லுங்கள்: “பாட்டி நோய் மருந்தால சரியாகாது. இறந்துடுவாங்க. இறந்தா மூச்சு நின்னுடும், வலிக்காது, திரும்பி வர மாட்டாங்க.” அப்புறம் சாமியைப் பற்றிப் பேசலாம். ‘தூங்கிட்டாங்க’ மட்டும் வேண்டவே வேண்டாம், ராத்திரி படுக்கப் பயப்படுவான்.

என்னாலதான் வந்துச்சா, எனக்கும் வருமா, என்னை யாரு பார்த்துப்பாங்க? இந்த மூன்றையும் அவன் வாய்விட்டுக் கேட்காமல் இருக்கலாம். நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். பள்ளியிலிருந்து அழைத்து வருவது பாட்டி என்றால், இனி யார் வருவார்கள் என்பதுதான் அவனுக்குப் பெரிய செய்தி. ஐந்து நிமிடம் அழுதுவிட்டு ஐபேட் கேட்பான்; கல்நெஞ்சம் இல்லை, அந்த வயதுத் துக்கம் அப்படித்தான் விட்டுவிட்டு வரும்.

ஹோஸ்பிஸ் குழுவின் சமூகப் பணியாளரிடம் பிள்ளைகளோடு பேச உதவி கேளுங்கள். அந்தச் சேவை குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் சமயம் பற்றித் தயங்க வேண்டாம். 1969இல் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய அசிசி ஹோஸ்பிஸ்கூட எல்லாச் சமயத்தாரையும் பார்க்கிறது.

மண்டாய் தகனச்சாலைக்கு வருகிறாயா என்று, அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொன்ன பிறகு, இருவரையும் கேளுங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். சடங்கில் வேலையில்லாத சித்தியோ மாமாவோ பக்கத்திலேயே இருக்கட்டும். பதினாறாம் நாள் படையலைப் பார்த்து, “பாட்டி வந்து சாப்பிடுவாங்களா?” என்று சின்னவன் கேட்பான். “பாட்டி உடம்பு வராதுப்பா. அவங்களை நினைச்சு, அவங்களுக்குப் பிடிச்சதை வைக்கிறோம்” என்று சொல்லி, ஒரு கிண்ணத்தை அவன் கையால் வைக்கச் சொல்லுங்கள்.