வேலியை வெட்டிவிட்டு எங்கே செடி தேடுகிறீர்கள்?

கேள்வி: என் மகள் தரம் 6. உள்ளூர்ச் செடிகளைச் சேகரித்துக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். போனில் படம் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பெயர் வருகிறது. ஒட்டின இலைகளும் பூஞ்சணம் பிடித்துவிட்டன. எங்கள் பக்கம் ஒரு செடியும் இல்லை. லீவில் வான் பிடித்துப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா? வீட்டிலும் நிம்மதியில்லை. வேலியை வெட்டி மதில் கட்டினதிலிருந்து மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.
– வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, செடியே இல்லை என்று முறையிட்டுவிட்டு, வேலியை வெட்டினதைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகள் தேடுகிற செடிகள் அந்த வேலியில்தான் நின்றன.

கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் நின்ற வேலியென்றால் முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை, முடக்கொத்தான், குறிஞ்சா என்று ஏதாவது படர்ந்திருக்கும். வறைக்கும் ரசத்துக்கும் சளிக்கும் மாமி இலை ஆய்ந்தது அங்கேதான். வெட்டுமுன் அவவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். மதில் கட்டினது குற்றமில்லை. வீட்டு மூத்தவ அத்தனை காலம் கைவைத்து வளர்த்ததை அவவைக் கேளாமல் வெட்டினதுதான் குற்றம். போய் மன்னிப்புக் கேளுங்கள். மகளுக்கு முன்னால் கேளுங்கள்.

பிறகு பிள்ளையை மாமியோடு ஒழுங்கைக்கு அனுப்புங்கள். அயலில் இன்னும் வேலிகள் உண்டு, வெறும் வளவுகள் உண்டு. மொசுமொசுக்கை இலை விரலில் சொரசொரக்கும். குறிஞ்சா இலையை மென்றபின் சீனி இனிக்காது. இதைப் போன் எப்படிச் சொல்லும்? ஆனால் மாமி தராத எதையும் வாயில் வைக்கக் கூடாது. கார்த்திகைப்பூ, ஊமத்தை, அலரி மூன்றும் நஞ்சு என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

பூஞ்சணம் பிடித்தது ஈரத்தோடு ஒட்டினதால். வெறும் இலை போதாது, பூவோ காயோ உள்ள சிறு கொப்பாக எடுக்க வேண்டும். பழைய பேப்பருக்கு நடுவில் இலைகளை விரித்து, ஒன்றிரண்டை அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றுங்கள். மதிலுக்கு வாங்கி மிஞ்சின சீமெந்துக் கல் போதும். முதல் சில நாள்கள் தினமும் பேப்பரை மாற்ற வேண்டும். மொறுமொறுவென்று காய்ந்தபின் தடித்த தாளில் தைக்கலாம், ஒட்டலாம். பிடுங்கின இடம், திகதி, கொடியா மரமா, பூவின் நிறம், மாமி சொன்ன பெயர் எல்லாம் அன்றைக்கே எழுதப்பட வேண்டும். காய்ந்தால் நிறம் போய்விடும். ஓரிடத்தில் ஒன்றிரண்டு மட்டும் நின்றால் தொடவேண்டாம், வரைந்துகொள்ளட்டும்.

மாரி தொடங்க, மதிலுக்கு உட்பக்கம் கிளுவைக் கதியால் ஊன்றுங்கள். தடியாய் நட்டாலே வேர்விடும். எங்கே ஊன்றுவது என்று மாமி சொல்லட்டும்.

300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, பல நாட்டு மரங்களும் நிற்கிற பேராதனையில் கோண்டாவில் செடியைத் தேடுவது வீண். கொப்பி நிறைந்தபின் போங்கள். காயவைத்த செடிகளைப் பாதுகாக்கும் தேசிய உலர்தாவரகம் அங்கே இருக்கிறது. பெயர் பிடிபடாத தாள்களைக் கொண்டுபோய்க் காட்டலாம். மாமிக்கும் வானில் ஒரு சீற் வையுங்கள்.